வலி நின்றுவிட்டதா? அப்படியானால் கிளம்புங்கள்

பல்வலிக்கு நம் வீடுகளில் ஒரு சட்டம் இருக்கிறது. யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் படித்தவர், படிக்காதவர், பட்டணத்துக்காரர், பட்டிக்காட்டுக்காரர் எல்லாரும் அதற்குக் கட்டுப்படுகிறார்கள். தாங்குகிற வரை தாங்கு. தாங்காவிட்டால் மாத்திரை போடு. மாத்திரைக்கும் கேட்காவிட்டால் டாக்டரிடம் போ. நடுவில் வலி தானாக நின்றுவிட்டால் தொல்லை விட்டது, வேலையைப் பார். சளி, காய்ச்சல், தலைவலிக்கெல்லாம் இந்தச் சட்டம் பெரும்பாலும் செல்லுபடியாகிறது. அதனால்தான் பல்லுக்கும் செல்லும் என்று நம்பிவிட்டோம். செல்லாது. பல் விஷயத்தில் இதன் ஒவ்வொரு வரியும் தப்பு. அதிலும் கடைசி வரி இருக்கிறதே, வலி நின்றால் தொல்லை விட்டது என்பது, அது ஆளையே சாய்க்கக்கூடியது.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். பல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பல்லின் மேல் ஓடு எனாமல். அதில் நரம்பு கிடையாது. சொத்தை முதலில் விழுவது அங்கேதான், அதனால் முதலில் வலியே இருக்காது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூட, ஒரு கரும்புள்ளியாக அது கிடக்கும். வலிக்கவில்லை, அதனால் போகவில்லை. ஆனால் ஒரே தடவை போய் அடைத்துக்கொண்டு வந்துவிடக்கூடிய காலமும் அதுதான். எனாமலைத் தாண்டி அடுத்த அடுக்கான டென்டினுக்குள் சொத்தை இறங்கியதும் கூச்சம் தொடங்கும். ஐஸ்கிரீம் பட்டால் சுள், மைசூர்பாகு பட்டால் சுள், இரண்டு மூன்று நொடியில் அடங்கிவிடும். அடங்கிவிடுகிறதே என்று அந்தப் பக்கம் மெல்லுவதை நிறுத்திவிட்டு அடுத்த பக்கத்தில் மெல்லத் தொடங்குகிறோம்.

டென்டினுக்கும் உள்ளே இருப்பது பல்கூழ். நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த மெல்லிய திசு அது. உடம்பில் வேறு இடங்களில் அழற்சி வந்தால் பெரும்பாலும் சதை வீங்கி இடம் கொடுக்கும். கையில் அடிபட்டால் கை வீங்குகிறது. பல்கூழுக்கு அந்த வசதி இல்லை. நாலாபுறமும் கெட்டிச் சுவர், கீழே வேர் நுனியில் மயிரிழை போல ஒரு துவாரம். வீங்க இடமில்லாததால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, அழுத்தம் இன்னும் ஏறுகிறது. பகலெல்லாம் சும்மா இருந்த பல் ராத்திரி பதினோரு மணிக்கு உயிரை எடுப்பது இதனால்தான். இந்தக் கட்டத்தில் பல்லுக்குச் சூடு ஆகாது. காபி பட்டால் குத்தும், குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருந்தால் கொஞ்சம் தணியும். கையில் ஐஸ் தண்ணீர் பாட்டிலோடு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வாய் எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே டாக்டருக்கு விஷயம் பாதி புரிந்துவிடும்.

அப்புறம் ஒரு நாள், மூன்று நாளோ பத்து நாளோ கழித்து, வலி நின்றுவிடுகிறது. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கூச்சமும் இல்லை. ‘உப்புத் தண்ணி கொப்பளிச்சேன், சரியாப் போச்சு’ என்று அந்த மனிதர் நாலு பேரிடம் சொல்கிறார். சரியாகப் போகவில்லை. உள்ளே இருந்த கூழ் செத்துப்போய்விட்டது. செத்த நரம்பு வலிக்காது, அவ்வளவுதான். ரத்த ஓட்டம் நின்றுபோன அந்தக் குழியில் கிருமிகளைத் தடுக்க இனி ஆள் இல்லை. அவை வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கும். எலும்புக்குள் நடக்கிற இந்த வேலைக்குச் சத்தம் கிடையாது. சில நேரம் ஈறில் சிறு கொப்புளம் தோன்றி, உடைந்து, வாயில் ஒருமாதிரி கெட்ட ருசி வரும். சீழுக்கு வெளியேற வழி கிடைத்துவிட்டதால் வலி இன்னும் குறையும். அதையும் குணம் என்றே கணக்கெழுதுகிறோம்.

கை மருந்துகளுக்குக் கிடைத்திருக்கும் பேரும் புகழும் இந்த ஏற்ற இறக்கத்தால் வந்தவைதான். பல்வலி ஒரே சீராக இருப்பதில்லை. கூடும், குறையும், இரண்டு நாள் மறையும், மறுபடி வரும். வலி உச்சத்தில் இருக்கும்போது எதையாவது செய்கிறோம். அடுத்தது இறக்கம்தான். கடைசியாக எதைச் செய்தோமோ அதற்கு மாலை விழுகிறது. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்க வைத்து, பல்லிலிருந்து புழு விழுந்தது என்று காட்டிக் காசு வாங்குகிறவர்கள் இந்த இறக்கத்தை நம்பித்தான் கடை விரிக்கிறார்கள். பல்லில் புழு என்பது நம் ஊர் நம்பிக்கை மட்டுமல்ல. பாபிலோனியக் களிமண் ஏடுகளிலேயே இருக்கிறது. பிரான்ஸில் பியேர் ஃபொஷார் 1728-ல் பல் மருத்துவத்துக்கென்று பெரிய நூல் எழுதியபோது, நுண்ணோக்கியில் பார்த்தும் எந்தப் புழுவையும் காணோம் என்று அதை ஒதுக்கினார். மூன்று நூற்றாண்டாகிறது. நாம் இன்னும் பூச்சிப்பல் என்கிறோம், பூச்சியைக் கொல்ல வழி கேட்கிறோம்.

கிராம்பை நான் பழிக்க மாட்டேன். அதில் இருக்கும் யூஜெனால் உண்மையாகவே மரத்துப்போகச் செய்யும்; பல் மருத்துவர்களே அதைத் துத்தநாக ஆக்ஸைடோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எந்த டாக்டரும் இல்லாதபோது பஞ்சில் ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய் வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. விடிந்ததும் வலி இல்லையே என்று மறுபடி போர்த்திக்கொண்டு படுப்பதுதான் குற்றம். புகையிலையை அடக்கிக்கொள்வது வேறு கதை. வலிக்கு என்று தொடங்கி, பல் விழுந்த பிறகும் புகையிலையை விட முடியாமல் போன பாட்டிகள் எத்தனை ஊரில் இருக்கிறார்கள்! வலிக்கிற பல்லின் பக்கத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை வைத்து அடக்குகிறவர்கள் அடுத்த நாள் கன்னத்தின் உள்தோல் வெந்து வெளுத்து நிற்பார்கள். மாத்திரையை விழுங்கினால்தான் வலி குறையும். ஈறில் வைத்தால் அது வெறும் அமிலம்.

இதையெல்லாம் விட எனக்குக் கோபம் வருவது மெடிக்கல் ஷாப் செட்டு மாத்திரை மேல். ‘பல்லு வலிக்குது, ரெண்டு வேளைக்கு ஒரு செட்டு குடுங்க’ என்றால், எந்தப் பல், எத்தனை நாளாக, சர்க்கரை இருக்கிறதா, அல்சர் இருக்கிறதா என்று ஒரு கேள்வி இல்லாமல் காகிதப் பொட்டலத்தில் நாலு நிறம் வந்துவிடும். ஒன்று வலிக்கு, ஒன்று வயிற்றுக்கு, ஒன்று ஆன்டிபயாடிக், இன்னொன்று கடைக்காரருக்கே வெளிச்சம். வலி மாத்திரையை மன்னித்துவிடலாம். ஆன்டிபயாடிக் இங்கே என்ன செய்யும்? மாத்திரை பல்லுக்குப் போக வேண்டுமென்றால் ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். கூழ் செத்துப்போன பல்லுக்குள் ரத்தமே ஓடவில்லை. கூழ் உயிரோடு இருக்கும்போதோ அது அழற்சி வலி. ஆன்டிபயாடிக்குக்கு அது அடங்காது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி சரியாக இருக்கிற பெரியவர்களுக்கு, பல்லுக்கு உரிய சிகிச்சை உடனே கிடைக்கும் என்றால் பெரும்பாலான பல்வலிகளுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வழிகாட்டுதலே வெளியிட்டது. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால் அது தேவைதான், ஆனால் அப்போதும் சீழை வெளியேற்றுவதோடு சேர்த்துத்தான். நம் ஆட்கள் மூன்று வேளை போட்டு, வீக்கம் வடிந்ததும் மிச்சத்தை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அடுத்த தடவைக்கு ஆகுமாம்.

‘பல்லுதானே, பல்லால யாராவது செத்திருக்காங்களா?’ என்று கேட்பார்கள். செத்திருக்கிறார்கள்.

கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப்பற்களின் வேர் நுனிகள், நாக்குக்கு அடியில் வாயின் தரைபோல விரிந்திருக்கும் தசை எலும்பில் ஒட்டுகிற கோட்டுக்கும் கீழே இருக்கின்றன. அந்தப் பற்களில் சீழ் கட்டி உட்பக்கமாக உடைந்தால் அது வாய்க்குள் வராமல் தாடைக்கு அடியில், கழுத்துப் பக்கம் இறங்கிவிடும். இரண்டு பக்கமும் பரவினால் கீழ்த்தாடைக்கு அடியில் பலகை போல இறுகும், நாக்கு மேலே தூக்கிக்கொள்ளும், எச்சில் விழுங்க முடியாது, மூச்சுப் பாதை அடைபடும். ஜெர்மன் மருத்துவர் லுட்விக் 1836-ல் விவரித்ததால் அவர் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் வருவதற்கு முந்திய காலத்தில் இது வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிழைக்கவில்லை. இப்போது பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், தொண்டையில் குழாய் போட்டு, கழுத்தைக் கீறிச் சீழ் எடுத்து, ஐ.சி.யூ.வில் கிடந்து. இவ்வளவுக்கும் மூலம் பெரும்பாலும் ஒரு சொத்தைப் பல்தான். சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு இது மின்னல் வேகத்தில் பரவும். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. அவர்கள் ‘ரெண்டு நாள் பார்க்கலாம்’ என்று சொல்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

2007-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் 12 வயதுப் பையன் ஒருவன், பல்லில் கட்டிய சீழின் கிருமி மூளைக்குப் போய், இரண்டு முறை மூளை அறுவை சிகிச்சை செய்தும் இறந்தான். அந்தப் பல்லைப் பிடுங்கியிருந்தால் ஏறக்குறைய 80 டாலர் ஆகியிருக்கும் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அங்கே குறுக்கே நின்றது அலட்சியம் அல்ல, ஏழைக் குடும்பத்தின் காப்பீட்டுச் சிக்கல். போக வழியில்லாமல் ஒரு குழந்தை செத்தது. போக வழியிருந்தும் வலி நின்றுவிட்டது என்று போகாமல் இருக்கிற நாம் என்ன நியாயத்தைச் சொல்ல முடியும்?

இன்னொரு புளித்துப்போன வாதம்: மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும். இதைச் சொல்லாத அத்தை நம் குடும்பங்களில் கிடையாது. கண் பார்ப்பது பார்வை நரம்பால். அது மூளையிலிருந்து நேரே கண்ணுக்குப் போகிறது. பல்லுக்கு வருவது முகத்துக்கு வரும் வேறொரு நரம்பின் கிளை, பார்வைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த நம்பிக்கை எப்படி நிலைத்தது என்று ஊகிக்க முடிகிறது. பல்லைப் பிடுங்குகிற வயதும் வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுகிற வயதும் பல பேருக்கு ஒன்றாகவே வருகின்றன. வேடிக்கை என்னவென்றால், மேல்பல்லால் கண்ணுக்கு ஆபத்து வருவது உண்மை, ஆனால் பிடுங்குவதால் அல்ல, பிடுங்காமல் விடுவதால். மேல் கோரைப்பல்லில் கட்டிய சீழ் கண்குழி வரைக்கும், அரிதாக மூளைக்கு அடியில் உள்ள ரத்தக் குழிக்குள்ளும் பரவக்கூடும். கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கி இமை மூடிக்கொண்டவரிடம் போய் ‘பிடுங்காதே, பார்வை போயிடும்’ என்று புத்தி சொல்வது எவ்வளவு கொடுமை!

குழந்தைகளுக்கு ஒரு தனி வசனம் வைத்திருக்கிறோம்: ‘பால் பல்லுதானே, விழுந்திடும்.’ முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுந்துவிடும், சரி. பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. நாலாம் வயதில் சொத்தையான பல் விழட்டும் என்று காத்திருந்தால், குழந்தை ஆறேழு வருஷம் அந்தச் சீழோடு சோறு தின்ன வேண்டும். அதன் அடியிலேதான் நிரந்தரப் பல்லின் முளை உட்கார்ந்திருக்கிறது, அதுவும் கெடலாம். இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஆறாம் வயதில் நடக்கிறது. அப்போது பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. எதுவும் விழவில்லை, அதனால் இதுவும் பால் பல்தான் என்று அம்மாக்கள் நினைத்துவிடுகிறார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் வாயை ஜன்னல் வெளிச்சத்தில் அண்ணாந்து திறக்க வைத்துப் பாருங்கள். கோடிப் பல்லின் பள்ளத்தில் பிஸ்கட் மாவு அப்பியிருக்கும். ஆயுசுக்கும் வர வேண்டிய பல் அது, விழுந்தால் மறுபடி முளைக்காது.

அப்படியானால் ஒவ்வொரு கூச்சத்துக்கும் டாக்டரிடம் ஓட வேண்டுமா? இல்லை. வலி எவ்வளவு என்று அளப்பதை விட்டுவிட்டு, எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுள்ளென்று பிடித்து இரண்டு மூன்று நொடியில் விட்டுவிடுகிறது, பல பற்களில் அப்படி இருக்கிறது, ஈறு இறங்கி வேர்ப்பக்கம் தெரிகிறது என்றால், பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பதைக் குறைத்து, கூச்சத்துக்கான பேஸ்ட்டை இரண்டு மூன்று வாரம் போட்டுப் பார்க்கலாம். புதிதாக அடைத்த பல் சில நாள் கூசும், விட்டுவிடும். முருங்கைக்காய் நாரோ கறி நாரோ இடுக்கில் மாட்டினால் நூல் போட்டு எடுத்தால் தீர்ந்தது. ஆனால் அதே இடத்தில் தினமும் மாட்டுகிறது என்றால் அங்கே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். குளிர் விலகிய பிறகும் வலி அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நீண்டால் அந்த வாரமே போங்கள். சூட்டுக்கு வலித்தால், ஒன்றும் படாமலே வலித்தால், தூக்கத்திலிருந்து எழுப்பினால் மறுநாளே. ஸ்பூன் காம்பால் பற்களை மெல்ல ஒவ்வொன்றாகத் தட்டும்போது ஒரே ஒரு பல் மட்டும் ‘உஸ்’ என்று இழுக்க வைத்தால், அல்லது மற்ற பற்களைவிட அது மட்டும் உயர்ந்து நிற்பதுபோல் கடிபட்டால், தொற்று வேர் நுனியைத் தாண்டியிருக்கக்கூடும். ஈறில் கொப்புளம் இருந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், போக வேண்டும். கன்னம் வீங்கியிருந்தால் அன்றைக்கே. அதற்கு மேல் உப்பு மூட்டை ஒத்தடம் வேண்டாம், வெளியிலிருந்து சூடு வைத்தால் வீக்கம் கூடும். வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை, விழுங்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, வீக்கம் தாடைக்கு அடியிலோ கண்ணுக்கோ போகிறது என்றால் பல் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், நடுராத்திரியானாலும்.

பல்லே இல்லாத பல்வலியும் உண்டு. சைனஸ் நீர் கோத்தால் மேல் கடைவாய்ப்பற்கள் வரிசையாக வலிக்கும், குனிந்தால் கூடும். படியேறும்போது இடது கீழ்த்தாடை வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அது இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம். அதற்குப் பல் டாக்டர் வேண்டாம், ஈ.சி.ஜி. வேண்டும். இங்கேயும் ‘நின்றால் விட்டுவிடுகிறதே’ என்ற ஆறுதல்தான் எதிரி.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பயத்துக்கும் சந்தேகத்துக்கும் காரணம் உண்டு. தேவையில்லாத ரூட் கேனல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சுத்தமில்லாத கிளினிக்குகளும் இருக்கின்றன. 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய மூளைத் தொற்றில் 8 பேர் இறந்தார்கள். கிருமி நீக்காத கருவியால் சலைன் புட்டியைத் திறந்து, அதே புட்டியை மூடிவைத்து மறுபடி பயன்படுத்தியதே வழி என்று ஆய்வாளர்கள் 2025-ல் எழுதினார்கள். இதைப் படித்தவர்கள் ‘பார்த்தீர்களா?’ என்று கேட்கலாம். பார்த்தேன். கெட்டுப்போன பிரியாணியால் ஆட்கள் செத்தால் நல்ல கடையாகப் பார்த்துச் சாப்பிடுவார்களே தவிர, யாரும் பட்டினி கிடப்பதில்லை. கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கருவிகளை ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்குகிறீர்களா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். உறையைப் பிரிப்பதை என் கண் முன்னால் செய்யுங்கள் என்று சொல்லுங்கள். ரூட் கேனல் என்றால் எக்ஸ்ரேயைக் காட்டி எந்தப் பல், சொத்தை எதுவரை, அடைத்தால் போதாதா என்று கேளுங்கள். நல்ல டாக்டர் சந்தோஷமாகச் சொல்வார். எரிந்து விழுந்தால் எழுந்து அடுத்த டாக்டரிடம் போகலாம், பல்வலிக்கு ஊரில் ஒரே டாக்டர் இருந்த காலம் போய்விட்டது.

பணம்? வலி வருவதற்கு முன் சொத்தையை அடைக்கப் பெரும்பாலான ஊர்களில் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வரை ஆகும். வலி வந்து, நின்று, மறுபடி வந்து, ரூட் கேனல், கேப் என்று போனால் அதைப்போலப் பல மடங்கு. பிடுங்கிவிட்டுச் செயற்கைப் பல் கட்டினால் அதற்கும் மேலே. ‘செலவு ஆகும் என்றுதான் தள்ளிப் போட்டேன்’ என்கிறவர்கள் கடைசியில் கூடுதலாகத்தான் கட்டுகிறார்கள். அதுவும் முடியாதவர்களுக்கு அரசு இருக்கிறது. சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. காலையில் போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், ஒரு நாள் கூலி போகும். வலி இல்லாத நாளில் போனால் அந்த வரிசையில் நிற்பதும் சுலபம், ‘இந்தப் பல்லு முன்னே வலிச்சது, இப்போ வலி இல்லை’ என்று நிதானமாகச் சொல்லவும் முடியும்.